வார் கோப்புக்கு வெளியே கன்ஃபிக்: எங்கே வைப்பது, அப்ளிகேஷன் அதை எப்படிக் கண்டுபிடிப்பது

கேள்வி சுருக்கமாக இது. டாம்கேட் என்ற சர்வரில் ஓடும் ஒரு ஜாவா வெப் அப்ளிகேஷன் இருக்கிறது. டேட்டாபேஸ் முகவரி, கடவுச்சொல், மெயில் சர்வர் விவரம் ஆகிய கன்ஃபிக் மதிப்புகள் எல்லாம், அப்ளிகேஷனைக் கட்டி அனுப்பும் ஒற்றைப் பொதியான வார் கோப்புக்குள்ளேயே, பெயரும் மதிப்புமாக எழுதிய ஒரு ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் இருக்கின்றன. டெஸ்ட் சர்வருக்கு ஒரு வார், புரொடக்‌ஷனுக்கு இன்னொரு வார் என்று தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு போர்ட் எண்ணை மாற்றக்கூட மறுபடி பில்ட் போட வேண்டும். அந்தக் கோப்பை வெளியே எடுத்துவைக்க முடியுமா? முடியும் என்றால் எங்கே வைப்பது, அப்ளிகேஷனுக்கு அதை எப்படிச் சொல்வது?

முடியும். எடுத்து வைத்தே ஆக வேண்டும் என்பேன். அதற்கு வழிகள் பல உண்டு, பெரும்பாலானவை வேலையும் செய்யும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வாருக்கும் வெளியே இருக்கும் கன்ஃபிக்குக்கும் நடுவில் ஒரே ஒரு இணைப்புதான் இருக்க வேண்டும். "என் கன்ஃபிக் இந்த டைரக்டரியில் இருக்கிறது" என்ற ஒற்றைத் தகவல்தான் அது. மீதி எல்லாம் அந்த டைரக்டரிக்குள் இருக்கட்டும். பாதி ஜாவாவின் சிஸ்டம் ப்ராப்பர்ட்டியில், பாதி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சூழல் மாறியில், பாதி வாருக்குள் இருக்கும் வெப் எக்ஸ்எம்எல்-இல் என்று சிதறிப் போன அப்ளிகேஷன்களில், ஒரு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

ஏன் வெளியே எடுக்க வேண்டும் என்பதற்கு வசதியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டெஸ்டில் சோதித்துப் பார்த்த அதே வார், ஒரு பைட்கூட மாறாமல் புரொடக்‌ஷனுக்குப் போக வேண்டும். பில்ட் கருவியான மேவனின் ப்ரொஃபைல் வைத்து ஒவ்வொரு சூழலுக்கும் தனி வார் கட்டினால், நீங்கள் சோதித்தது ஒன்று, ஓட்டுவது வேறொன்று. நடுவில் ஒரு லைப்ரரி பதிப்பு நகர்ந்திருக்கலாம், தவறான ப்ரொஃபைலில் பில்ட் போட்டிருக்கலாம். டெஸ்டுக்குக் கட்டிய வார் தெரியாமல் புரொடக்‌ஷனில் ஏறினால் வாடிக்கையாளர் பதிவுகள் டெஸ்ட் டேட்டாபேஸில் போய் விழும். கன்ஃபிக் வெளியே இருந்தால் இந்த வகைத் தவறே நடக்க வழியில்லை. அப்புறம் கடவுச்சொல் பிரச்சினை. வாருக்குள் இருக்கிற கடவுச்சொல், கோடின் எல்லாப் பதிப்புகளையும் சேமிக்கும் கிட்டிலும் இருக்கும், பில்ட் சர்வரிலும் இருக்கும், பழைய வார்களைச் சேமித்து வைக்கும் கிடங்கிலும் இருக்கும்.

"டாம்கேட் வாரை விரித்து வைக்கிறதே, அந்த வெப்ஆப்ஸ் டைரக்டரிக்குள் போய்க் கோப்பை நேரடியாகத் திருத்தினால் என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. செய்யாதீர்கள். புது வார் வந்தவுடன் டாம்கேட் விரித்த டைரக்டரியை அழித்துவிட்டு மறுபடி விரிக்கும். உங்கள் திருத்தம் காணாமல் போகும், அதுவும் ரிலீஸ் நாளில்.

வெளியே வைப்பதிலும் மூன்று தவறான வழிகளை அடிக்கடி பார்க்கிறேன், முதலில் அவற்றைத் தள்ளிவிடலாம். ஒன்று, ஒப்பீட்டுப் பாதை. வெறும் கோப்புப் பெயரை ஃபைல் இன்புட் ஸ்ட்ரீமுக்குக் கொடுத்தால், ஜாவா அதை, கோடை ஓட்டும் ஜேவிஎம் தொடங்கிய டைரக்டரியில் தேடும். கையால், ஸ்கிரிப்ட்கள் இருக்கும் பின் என்ற டைரக்டரியிலிருந்து டாம்கேட்டைத் தொடங்கினால் ஓர் இடம், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி தொடங்கினால் இன்னோர் இடம், கோடு எழுதும் ஐடிஈ தொடங்கினால் வேறோர் இடம். உங்கள் கணினியில் ஓடும், சர்வரில் ஓடாது. இரண்டாவது, அப்ளிகேஷன் டிஸ்கில் இருக்கும் பாதையைக் கேட்கும் சர்வ்லெட் கான்டெக்ஸ்டின் கெட் ரியல் பாத் மெத்தட். வாரை விரிக்காமல் அப்படியே ஓட்டும் அமைப்பில் அது நல் என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். விரித்து ஓட்டினாலும் அது காட்டுவது அப்ளிகேஷனின் உள்பக்கத்தைத்தான். மூன்றாவது, முழுப் பாதையை ஜாவா கோடிலேயே எழுதிவைப்பது. ஒரே மெஷினில் இரண்டு பிரதிகளை ஓட்ட நினைத்த அன்றைக்கு அது மாட்டிக்கொள்ளும்.

சரி, அந்த ஒற்றைத் தகவலை எப்படிச் சொல்வது? உதாரணத்துக்கு அப்ளிகேஷன் பெயர் ஆர்டர்ஸ், கன்ஃபிக் இருப்பது லினக்ஸில் /ஈடிசி/ஆர்டர்ஸ் டைரக்டரியில் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஜேவிஎம் தொடங்கும்போது மைனஸ் டி போட்டு ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டி கொடுப்பது. எளிமையானது, எந்த சர்வரிலும் வேலை செய்யும். டாம்கேட்டில் இதை எழுத வேண்டிய இடம் செட்என்வ் ஸ்கிரிப்ட். அந்தக் கோப்பு டாம்கேட்டோடு வராது, பின் டைரக்டரியில் நீங்கள்தான் உருவாக்க வேண்டும். டாம்கேட்டைத் தொடங்கும் கேடலினா ஸ்கிரிப்டையே திருத்தாதீர்கள், அடுத்த பதிப்புக்கு மாறும்போது திருத்தம் போய்விடும். செட்என்வுக்குள் ஜாவா ஆப்ட்ஸ் மாறியில் போடாமல் கேடலினா ஆப்ட்ஸ் மாறியில் போடுங்கள். முதலாவது, டாம்கேட்டை நிறுத்தும் கட்டளைக்கும் போகும். இரண்டாவது, தொடங்கும்போது மட்டும் போகும். பாதையைச் சொல்வதற்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் அதே வரியில் நாளை யாராவது கண்காணிப்புக்கான ஜேஎம்எக்ஸ் போர்ட்டைச் சேர்த்தால், நிறுத்தும் கட்டளையும் அதே போர்ட்டைப் பிடிக்கப் போய்த் தோற்கும். விண்டோஸில் டாம்கேட்டை சர்வீஸாக நிறுவியிருந்தால் செட்என்வை அது படிக்கவே படிக்காது. அங்கே டாம்கேட்டோடு வரும் சர்வீஸ் அமைப்புச் சாளரத்தின் ஜாவா பக்கத்தில்தான் போட வேண்டும்.

சூழல் மாறியும் ஏறக்குறைய இதே போலத்தான். இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உங்கள் லாகின் ஷெல்லின் ப்ரொஃபைல் கோப்பில் எக்ஸ்போர்ட் செய்த மாறியை சிஸ்டம்டி பார்க்காது. யூனிட் கோப்பில் என்விரான்மென்ட் வரியிலோ என்விரான்மென்ட் ஃபைல் வரியிலோ சொல்ல வேண்டும். கையால் தொடங்கினால் ஓடுகிறது, மெஷின் ரீபூட் ஆனால் ஓடவில்லை என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இந்த இரண்டுக்கும் பொதுவான குறை: அவை ஜேவிஎம் முழுமைக்கும் உரியவை. ஒரே டாம்கேட்டில் நான்கு அப்ளிகேஷன்கள் ஓடினால் நான்குக்கும் அதே மதிப்புதான் தெரியும். பெயரில் ஆர்டர்ஸ் என்று முன்னொட்டு போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அதே ஆர்டர்ஸ் வாரை இரண்டு வாடிக்கையாளர்களுக்காக இரண்டு பாதைகளில் ஓட்ட வேண்டும் என்றால் சமாளிக்க முடியாது.

அதனால் டாம்கேட்டில் நான் முதலில் பரிந்துரைப்பது கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல். டாம்கேட்டின் கான்ஃப் டைரக்டரிக்குள் கேடலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட், அதற்குள் அப்ளிகேஷனின் பெயரிலேயே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. கோப்பின் பெயர்தான் யூஆர்எல் பாதையைத் தீர்மானிக்கிறது, உள்ளே பாத் என்று எழுதினாலும் அது செல்லாது. கான்டெக்ஸ்ட் என்ற வேர் உறுப்புக்குள் பாராமீட்டர் என்ற உறுப்பைப் போட்டு, பெயராக கன்ஃபிக் டிர் என்றும் மதிப்பாக டைரக்டரியின் முழுப் பாதையையும் கொடுங்கள். அப்ளிகேஷனுக்குள் ஒரு சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிஸனர் எழுதி, கான்டெக்ஸ்ட் தொடங்கும் கணத்தில் கெட் இனிட் பாராமீட்டர் வழியாக அதை வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். டாம்கேட்டுக்கே உரிய எந்த வகுப்பையும் உங்கள் கோடு தொடவில்லை. இந்தத் தகவல் அந்த ஓர் அப்ளிகேஷனுக்கு மட்டும் சொந்தம். அதே வாரை இரண்டு இடங்களில் ஓட்ட வேண்டுமா? வாரை வெப்ஆப்ஸுக்கு வெளியே வைத்து, இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகளிலும் டாக்பேஸ் என்ற பண்பில் அந்த ஒரே வாரின் பாதையைக் கொடுத்து, கன்ஃபிக் டைரக்டரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள். வார் வெப்ஆப்ஸுக்குள் இருந்தால் டாக்பேஸை எழுதவே கூடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதல் பொறி, எந்த மதிப்பு வெல்லும் என்பது. வெளியே எழுதியதுதான் உள்ளே எழுதியதை வெல்லும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டாம்கேட்டில் இயல்பு நிலை அதற்கு நேர்மாறு. வாருக்குள் இருக்கும் வெப் எக்ஸ்எம்எல்-இல் அதே பெயரில் கான்டெக்ஸ்ட் பாராம் ஒன்று இருந்தால், அதுதான் வெல்லும். பாராமீட்டர் உறுப்பில் ஓவர்ரைடு பண்புக்கு ஃபால்ஸ் என்று கொடுத்தால்தான் வெளியே இருக்கும் மதிப்பு நிற்கும். சர்வரிடம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் ஜேஎன்டிஐ வழியாகப் போகும் என்விரான்மென்ட் உறுப்புக்கும் இதே விதிதான். அந்தப் பண்பின் பெயரைப் படித்தால் "இது மற்றதை மீறட்டுமா" என்று கேட்பது போலத் தோன்றும். உண்மையில் அது கேட்பது "மற்றது இதை மீறலாமா" என்று. இயல்பாக ட்ரூ. எப்போதும் ஃபால்ஸ் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இரண்டாவது பொறி, டாம்கேட் மேனேஜர். அதில் அன்டிப்ளாய் அழுத்தினால் வாரும் விரித்த டைரக்டரியும் மட்டுமல்ல, கான்ஃப் டைரக்டரிக்குள் நீங்கள் கவனமாக எழுதி வைத்த அந்த எக்ஸ்எம்எல் கோப்பும் சேர்ந்தே அழியும். இது பிழை அல்ல, அப்படித்தான் செய்யும் என்று டாம்கேட்டின் கையேடே எச்சரிக்கிறது. ஆகவே எக்ஸ்எம்எல்-இன் மூலப் பிரதியை வேறிடத்தில் வைத்திருங்கள். அதில் டைரக்டரியின் பாதை மட்டும்தான் இருக்கிறது, மதிப்புகள் எல்லாம் /ஈடிசி/ஆர்டர்ஸில் பத்திரமாக இருக்கின்றன என்றால், அது அழிந்தாலும் திரும்ப எழுத ஒரு நிமிடம் போதும். ஒற்றை இணைப்பு என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னதெல்லாம் கோடு உங்கள் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில். பழைய அப்ளிகேஷன், அல்லது வேறொருவர் எழுதிய லைப்ரரி, ஜாவா தன் வகுப்புகளைத் தேடும் கிளாஸ்பாத்திலிருந்துதான் கோப்பைப் படிப்பேன் என்று அடம்பிடித்தால்? டாம்கேட் 8 முதல் இதற்கு மிக நல்ல வழி ஒன்று இருக்கிறது, ஆனால் பலருக்கும் தெரியாது. அதே கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்-இல் ரிசோர்ஸஸ் என்ற உறுப்பைப் போட்டு, அதற்குள் ப்ரீ ரிசோர்ஸஸ் என்ற உறுப்பை வையுங்கள். கிளாஸ் நேம் பண்பில் டாம்கேட்டின் டிர் ரிசோர்ஸ் செட் வகுப்பின் முழுப்பெயர், பேஸ் பண்பில் வெளி டைரக்டரி, வெப்ஆப் மவுண்ட் பண்பில் வெப்-இன்ஃபுக்குள் இருக்கும் கிளாஸஸ் டைரக்டரியின் பாதை. இவ்வளவு சொன்னால் போதும், /ஈடிசி/ஆர்டர்ஸில் இருக்கும் கோப்புகள் வாரின் கிளாஸஸ் டைரக்டரிக்குள்ளேயே இருப்பது போல அப்ளிகேஷனுக்குத் தெரியும். ப்ரீ என்பதால் வாருக்குள் அதே பெயரில் ஒன்று இருந்தாலும் வெளியே இருப்பதுதான் முதலில் அகப்படும். போஸ்ட் ரிசோர்ஸஸ் போட்டால் நேர்மாறு: வாருக்குள் இல்லாதபோது மட்டும் வெளியே தேடும். ஒரு வரி கோடுகூட மாற்ற வேண்டாம். டாம்கேட் 7-இல் இதே வேலையை வெர்ச்சுவல் வெப்ஆப் லோடர் செய்தது, 8-இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து அதை எழுதினால் இன்றைய டாம்கேட்டில் அந்த அப்ளிகேஷன் எழும்பாது.

இதே காரியத்துக்கு கேடலினா ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் காமன் லோடர் அல்லது ஷேர்டு லோடர் வரியில் டைரக்டரியைச் சேர்க்கச் சொல்லும் ஆலோசனையும் நிறையச் சுற்றுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே சேர்த்தால் டாம்கேட்டில் இருக்கும் எல்லா அப்ளிகேஷன்களுக்கும் அந்தக் கடவுச்சொற்கள் தெரியும். இன்னொன்று, வெப் அப்ளிகேஷனின் கிளாஸ்லோடர் முதலில் தன் சொந்த வெப்-இன்ஃபுக்குள் தேடிவிட்டுத்தான் மேலே கேட்கும். வாருக்குள் அதே பெயரில் ஒரு கோப்பு மறந்துபோய்க் கிடந்தால், வெளியே நீங்கள் எத்தனை முறை திருத்தினாலும் எதுவும் மாறாது.

டேட்டாபேஸ் இணைப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் கோப்பே தேவையில்லாமலும் போகலாம். கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்-இல் ரிசோர்ஸ் உறுப்பாக டேட்டாசோர்ஸை அறிவித்துவிட்டு, அப்ளிகேஷன் அதை ஜேஎன்டிஐ பெயரால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், எத்தனை இணைப்புகள் என்பதெல்லாம் சர்வரின் பொறுப்பாகிவிடும். ஜேடிபிசி டிரைவர் ஜாரை வாருக்குள் வைக்காமல் டாம்கேட்டின் லிப் டைரக்டரியில் வைக்க வேண்டும், ஏனென்றால் இணைப்புக் குளத்தை உருவாக்குவது டாம்கேட். சர்வரைப் பராமரிக்கத் தனிக் குழு இருக்கும் இடங்களில் இது மிகவும் பொருந்தும்.

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், இன்று பலரும் அதில்தான் எழுதுகிறார்கள். பூட்டை ஜாராக ஓட்டினால் கதை எளிது: ஜாரைத் தொடங்கிய டைரக்டரியில் அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பையோ அங்கே கன்ஃபிக் என்ற துணை டைரக்டரியையோ வைத்தால் அது உள்ளே இருப்பதை வெல்லும். வாராக டாம்கேட்டில் போடும்போது இந்த வசதி ஏறக்குறைய போய்விடுகிறது. தொடங்கிய டைரக்டரி டாம்கேட்டுடையது, கட்டளை வரி வாதங்களும் உங்கள் அப்ளிகேஷனுக்கு வராது. அப்போது ஸ்பிரிங் கன்ஃபிக் அடிஷனல் லொகேஷன் என்ற ப்ராப்பர்ட்டியில் உங்கள் டைரக்டரியைச் சொல்லுங்கள். அடிஷனல் இல்லாத வெறும் லொகேஷனைப் போட்டுவிடாதீர்கள். அது பூட் வழக்கமாகத் தேடும் இடங்களை மொத்தமாக நீக்கிவிட்டுத் தன்னை அங்கே வைத்துக்கொள்ளும், வாருக்குள் நீங்கள் வைத்த இயல்பு மதிப்புகளும் சேர்ந்து காணாமல் போகும். பாதை ஒரு டைரக்டரி என்றால் கடைசியில் சாய்கோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். 2.4 பதிப்பு முதல், சொன்ன இடம் இல்லாவிட்டால் அப்ளிகேஷன் தொடங்காமல் நின்றுவிடும். ஆப்ஷனல் என்ற முன்னொட்டைச் சேர்த்தால் நிற்காது. புரொடக்‌ஷனில் அந்த முன்னொட்டைச் சேர்க்காதீர்கள். நிற்பதுதான் நல்லது.

இந்த ப்ராப்பர்ட்டியை எங்கே கொடுப்பது என்றால், மறுபடியும் மேலே சொன்ன அதே மூன்று இடங்கள்தான். பூட்டின் வரிசையில் சூழல் மாறியை சிஸ்டம் ப்ராப்பர்ட்டி வெல்லும், அதை ஜேஎன்டிஐ வெல்லும், அதற்கும் மேலே சர்வ்லெட் கான்டெக்ஸ்டின் இனிட் பாராமீட்டர்கள். ஒரே டாம்கேட்டில் இரண்டு பூட் வார்கள் இருந்து, இரண்டுக்கும் ஜேவிஎம் அளவில் ஒரே டைரக்டரியைக் கொடுத்தால், இரண்டும் அப்ளிகேஷன் என்ற அதே பெயர் கொண்ட கோப்பைத் தேடி, ஒன்றின் டேட்டாபேஸில் மற்றொன்று போய் எழுதும். ஸ்பிரிங் பூட் சர்வ்லெட் இனிஷியலைசரின் கன்ஃபிகர் மெத்தடில் ஸ்பிரிங் கன்ஃபிக் நேம் என்பதற்கு ஆர்டர்ஸ் என்று கொடுத்துவிட்டால், அந்த வார் ஆர்டர்ஸ் என்ற பெயருள்ள கோப்பை மட்டும் தேடும். ஒரு வரி வேலை. பூட் இல்லாத பழைய ஸ்பிரிங்கில் ப்ராப்பர்ட்டி சோர்ஸ் அனோட்டேஷனில் ஃபைல் என்று தொடங்கும் பாதையைக் கொடுத்து, நடுவில் டைரக்டரியை ப்ளேஸ்ஹோல்டராக வைக்கலாம். அந்த அனோட்டேஷன் யாம்ல் கோப்பைப் படிக்காது.

மற்ற சர்வர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஜெட்டியில் ரிசோர்ஸஸ் என்ற மாட்யூலை இயக்கினால் ஜெட்டி பேஸுக்குள் அதே பெயருள்ள டைரக்டரி சர்வரின் கிளாஸ்பாத்தில் சேரும். ஓர் அப்ளிகேஷனுக்கு மட்டும் வேண்டுமென்றால் அதன் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்-இல் எக்ஸ்ட்ரா கிளாஸ்பாத் போதும். வைல்டுஃப்ளையில் கன்ஃபிகரேஷன் டைரக்டரியின் பாதை ஜேபாஸ் சர்வர் கன்ஃபிக் டிர் என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டியில் தயாராகவே கிடைக்கும். மைக்ரோப்ரொஃபைல் கன்ஃபிக் என்ற பொது வரையறையைப் பயன்படுத்துபவர்களுக்கு வரிசை எண்களாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது: சிஸ்டம் ப்ராப்பர்ட்டிக்கு 400, சூழல் மாறிக்கு 300, வாருக்குள் இருக்கும் கோப்புக்கு 100. பெரிய எண் வெல்லும்.

லாகிங் கன்ஃபிக்கையும் மறக்காதீர்கள். நள்ளிரவில் ஒரு பிரச்சினையைத் தேடும்போது டீபக் அளவை ஏற்ற வாரைத் திரும்பக் கட்ட முடியாது. லாகிங் லைப்ரரிகளான லாக்பேக்கிலும் லாக்ஃபோர்ஜே 2-இலும் கன்ஃபிகரேஷன் ஃபைல் என்று முடியும் சிஸ்டம் ப்ராப்பர்ட்டியில் கோப்பின் பாதையைக் கொடுக்கலாம். அதுவும் ஜேவிஎம் முழுமைக்கும் உரியது என்பதால் பல அப்ளிகேஷன் சர்வரில் கவனம் தேவை.

அடுத்து கோப்பு. ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு பார்க்க எளிதாக இருக்கும், உள்ளே சில பழைய விதிகள் ஒளிந்திருக்கின்றன. லோட் மெத்தடுக்கு இன்புட் ஸ்ட்ரீமைக் கொடுத்தால் ஜாவா அதை ஐஎஸ்ஓ 8859-1 குறிமுறையில் படிக்கும். யூடிஎஃப்-8-இல் தமிழில் எழுதிய மெயில் தலைப்பு குப்பையாக வரும். ரீடரைக் கொடுத்தால் நீங்கள் சொன்ன குறிமுறையில் படிக்கும், ஆகவே ஃபைல்ஸ் வகுப்பின் நியூ பஃபர்டு ரீடரைப் பயன்படுத்துங்கள், அதன் இயல்பே யூடிஎஃப்-8. ஜாவா 9-இல் இது மாறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். மாறியது ரிசோர்ஸ் பண்டில் மட்டும்தான். பின்சாய்கோடு இந்தக் கோப்பில் சிறப்புக்குறி என்பதால், விண்டோஸ் பாதையில் டெம்ப் என்ற பெயருக்கு முன் வரும் ஒற்றைப் பின்சாய்கோடு அடுத்த எழுத்தோடு சேர்ந்து டேப் எழுத்தாகிவிடும். முன்சாய்கோடு போடுங்கள், விண்டோஸிலும் ஜாவா அதை ஏற்கும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது: மதிப்பின் தொடக்கத்தில் இருக்கும் இடைவெளி நீக்கப்படும், முடிவில் இருக்கும் இடைவெளி நீக்கப்படாது. கடவுச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு வெற்றிடம் போதும், டேட்டாபேஸ் உங்களை உள்ளே விடாது.

கோப்பின் உரிமை ரூட்டுக்கும், குழு டாம்கேட்டுக்கும் இருக்கட்டும். அனுமதி கோப்புக்கு 640, டைரக்டரிக்கு 750. டாம்கேட் படிக்கலாம், எழுதக்கூடாது. அப்ளிகேஷனில் ஓர் ஓட்டை வழியாக யாராவது புகுந்தாலும் கன்ஃபிக்கை மாற்றி வைக்க முடியாமல் இருப்பது பெரிய பாதுகாப்பு. கடவுச்சொல்லை மைனஸ் டி வழியாகக் கொடுக்கவே கூடாது. லினக்ஸில் பிஎஸ் கட்டளை அடிக்கிற எவருக்கும் அது வழக்கமாகத் தெரியும். சூழல் மாறி அதைவிட மேல், அதே பயனரும் ரூட்டும் மட்டுமே பார்க்க முடியும். ஆனால் அது குழந்தைப் ப்ராசஸ்களுக்கும் தொற்றும், கோளாறு அறிக்கைகளிலும் அடிக்கடி கசியும். அனுமதி சரியாகப் போட்ட கோப்புதான் என் தேர்வு. "கோப்பில் கடவுச்சொல்லை என்க்ரிப்ட் செய்து வைக்கலாமே" என்றால், அதைத் திறக்கும் சாவி எங்கே இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அதே மெஷினில், அதே பயனர் படிக்கக்கூடிய இடத்தில் என்றால் கோப்பைப் படிக்க முடிந்தவனுக்குச் சாவியும் கிடைக்கும். சாவியை உண்மையிலேயே வேறிடத்தில் வைக்க வேண்டுமென்றால் ஹாஷிகார்ப் வால்ட் போன்ற தனிச் சேவைக்குப் போக வேண்டும்.

கோடு எழுதும்போது நான் வலியுறுத்திச் சொல்வது இரண்டு. அப்ளிகேஷன் தொடங்கும்போது, எந்தக் கோப்பைப் படித்தது என்பதை முழுப் பாதையோடு லாகில் ஒரு வரி எழுத வேண்டும். மதிப்புகளை அல்ல, பாதையை. "கன்ஃபிக் மாற்றினேன், எதுவும் ஆகவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பார்த்தவுடன் தீர்ந்துவிடும். இரண்டாவது, கட்டாயமான மதிப்பு இல்லையென்றால் லிஸனரிலேயே எக்ஸெப்ஷன் எறிந்து அப்ளிகேஷனை நிறுத்திவிட வேண்டும். எந்தக் கோப்பில் எந்தப் பெயர் இல்லை என்பதை அந்தச் செய்தி சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் முகவரிக்கு லோக்கல்ஹோஸ்ட் என்று இயல்பு மதிப்பு வைக்கும் பழக்கத்தை விடுங்கள். நேரவரம்பு, பக்கத்துக்கு எத்தனை வரிகள் போன்றவற்றுக்கு இயல்பு மதிப்பு வாருக்குள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். சூழலுக்குச் சூழல் மாறும் எதற்கும் இருக்கக் கூடாது.

ஓடும்போதே மாறிய கன்ஃபிக்கைத் திரும்பப் படிக்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பேன். ரீஸ்டார்ட் செய்வது தெளிவானது, பாதி பழைய மதிப்பும் பாதி புதிய மதிப்புமாக அப்ளிகேஷன் ஓடும் நிலை வராது. உண்மையிலேயே தேவைப்பட்டால் வாட்ச் சர்வீஸை வைத்து டைரக்டரியைக் கவனிக்கலாம். பல எடிட்டர்கள் தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுப் பெயரை மாற்றுகின்றன, அதனால் மாற்ற நிகழ்வு வராமல் உருவாக்க நிகழ்வு வரும். இரண்டையும் கேளுங்கள். புது மதிப்புகளை எல்லாம் படித்துச் சரிபார்த்தபின், மாற்ற முடியாத ஒரு பொருளாக்கி, ஒரே அசைவில் பழையதோடு மாற்றுங்கள். கோப்பை மாற்றுபவரும் நேரடியாக அதில் எழுதாமல், பக்கத்தில் எழுதி மூவ் கட்டளையால் மேலே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி எழுதிய கோப்பை அப்ளிகேஷன் படித்துவிடும்.

அப்ளிகேஷனை இமேஜாகக் கட்டிக் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கருக்கும் குபெர்னெட்டீஸுக்கும் போனாலும் இதில் ஏதும் வீணாகாது. இமேஜ்தான் இப்போது வாரின் இடத்தில் இருக்கிறது. குபெர்னெட்டீஸில் கன்ஃபிக்கை வைக்கும் கன்ஃபிக் மேப்பையும் கடவுச்சொற்களை வைக்கும் சீக்ரெட்டையும் /ஈடிசி/ஆர்டர்ஸில் மவுண்ட் செய்தால் அப்ளிகேஷனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கன்ஃபிக் மேப்பை முழு டைரக்டரியாக மவுண்ட் செய்தால் மாற்றங்கள் சற்று நேரத்தில் உள்ளே வந்துசேரும், சப்பாத் வழியாக ஒற்றைக் கோப்பாக மவுண்ட் செய்தால் வராது. சீக்ரெட்டில் தெரியும் பேஸ் 64 வெறும் எழுத்து மாற்றம்தான், அதைப் பூட்டு என்று நம்பி கிட்டில் போட்டுவிட வேண்டாம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனை இந்த வழிக்கு மாற்றும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் புரட்ட வேண்டாம். முதல் ரிலீஸில், கன்ஃபிக் டிர் பாராமீட்டர் இருந்தால் வெளியே படி, இல்லையென்றால் பழையபடி உள்ளே படி என்று எழுதி, எங்கே படித்தது என்பதை லாகில் காட்டுங்கள். ஒவ்வொரு சர்வரிலும் டைரக்டரியையும் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்-ஐயும் வைத்து, எல்லா லாகுகளிலும் வெளிப் பாதை வருகிறது என்று உறுதியானபின், அடுத்த ரிலீஸில் உள்ளே படிக்கும் கோடையும் வாருக்குள் இருந்த கோப்பையும் நீக்குங்கள். கிட்டில் ஒரு மாதிரிக் கோப்பு மட்டும் இருக்கட்டும்: எல்லாப் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும், மதிப்பு இருக்கும் இடத்தில் வெறுமையும். கோப்பை நீக்கினாலும் பழைய கமிட்களில் கடவுச்சொல் அப்படியே இருக்கும் என்பதால், வெளிக் கோப்புக்கு மாறிய அதே வாரத்தில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் மெயில் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். இப்போது அதற்குப் பில்ட் தேவையில்லை, ஒரு வரியைத் திருத்தி ரீஸ்டார்ட் செய்தால் போதும்.